அதிர்ச்சி ஞாபகம்

அதிர்ச்சி ஞாபகம் என்பது, தன் உயிருக்கு ஆபத்து நேர்ந்த வேளையிலோ, பிறர்க்கு நேர்ந்த கொடுமையைக் கண்ணெதிரே காண நேர்ந்தபோதோ மனத்தில் பதிந்து, ஆண்டுகள் கடந்த பின்னும் பழங்கதையாக அடங்காமல், இந்தக் கணத்திலே நிகழ்வதுபோல மீண்டும் மீண்டும் எழும் நினைவாகும்.

தோன்றும் விதம்: பெரும் பீதி உண்டாகுங்கால், சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகளினின்று அட்ரினலின் இரத்தத்திற் கலந்து, இருதயத் துடிப்பைத் துரிதப்படுத்திச் சரீரத்தை எதிர்க்கவோ ஓடவோ ஆயத்தமாக்க, மூளையினுள்ளே பாதாம் பருப்பின் வடிவில் அமைந்துள்ள அமிக்டலா, அச்சத்தோடு கூடி வந்த ஒலியையும் மணத்தையும் காட்சியையும் ஆழப் பதியச் செய்கிறது. சம்பவங்களை இடம், காலம் என்னும் ஒழுங்கில் கோத்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியின் பணி அவ்வேளையில் குலைவதுண்டென்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அதனாலேயே நிகழ்ச்சியின் சில துணுக்குகள் மிகத் தெளிவாகவும், முன்பின் தொடர்ச்சி மங்கலாகவும் நிற்றல் கூடும்.

விளைவுகள்: துர்ச்சொப்பனமும் உறக்கமின்மையும், சிற்றோசைக்கும் திடுக்கிடுதலும், நடந்ததை நினைவூட்டும் இடங்களையும் மனிதரையும் விலக்குதலும், அன்புக்குரியவரிடத்தும் மனம் மரத்துப்போதலும் இதன் பிரதான விளைவுகளாம். இவற்றைக் கோழைத்தனம் என்று இகழ்வது பெரும் அநீதி.

வரலாறு: முதல் உலக யுத்தத்தின்போது, பார்வையும் ஞாபகமும் பழுதுற்ற போர்வீரர் மூவரைப் பற்றிச் ஆங்கிலேய மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 1915-இல் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையால் ‘ஷெல் ஷாக்’ (குண்டதிர்ச்சி) என்ற பெயர் மருத்துவ உலகிற் பரவிற்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் இத்தகைய அதிர்ச்சியால் விளையும் மனநோயைத் தன் நோய்ப் பட்டியலில் தனி நோயாகச் சேர்த்தது.

சிகிச்சை: நீலகிரித் தோடரிடையே ஆராய்ச்சி நிகழ்த்தி 1906-இல் அவர்களைப் பற்றிய நூலை வெளியிட்ட மருத்துவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், அந்த யுத்தகாலத்தில் எடின்பரோவிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். குண்டினாற் சிதறிய நண்பனின் உடலைக் கண்ட இளம் அதிகாரி ஒருவர், அக்காட்சியை மறக்குமாறு பிறர் கூறிய புத்திமதியின்படி பகலெல்லாம் நினைவை அடக்கி, இரவெல்லாம் கொடுங்கனவினால் வருந்தினார். உடல் அவ்வாறு சிதறியிருந்ததே, நண்பர் வேதனையேதும் அறியாமல் உடனே இறந்தார் என்பதற்குச் சான்று என ரிவர்ஸ் எடுத்துரைத்தார். பின்னர் ஓரிரவு அதே கனவு வந்தது. அதில் அவ்வதிகாரி நண்பரின் பக்கத்தில் மண்டியிட்டு, உறவினர்க்கு அனுப்பவேண்டிய பொருள்களைச் சேகரித்து, இடைவாரைக் கழற்றும்போது விழித்துக்கொண்டார். அப்பொழுது அவரிடம் பீதி இல்லை. நண்பனை இழந்த துக்கத்தின் கண்ணீர் மட்டுமே இருந்தது. நினைவை அழிப்பதன்று, அதனை அழுது ஆற்றக்கூடிய துயரமாக மாற்றுவதே சிகிச்சையின் நோக்கம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.