அரசன் ஆணையும் தோழன் கேள்வியும்

மலாக்காவின் பழங்கதையொன்றைத் தழுவி 1956-ல் வெளிவந்த 'ஹங் துவா' என்னும் மலாய்ப் படத்தைப் பற்றி எழுந்த வாதம் எளிதில் ஓயக்கூடியதன்று. இயக்கியவர் வங்காளியரான பணி மஜும்தார். துவாவாக நடித்தவர் பி. ரம்லி. அரண்மனைச் சூழ்ச்சிக்காரரின் கோளுக்குச் செவிசாய்த்த சுல்தான், விசாரணையின்றித் துவாவைக் கொல்லுமாறு ஆணையிடுகிறான். முதலமைச்சராகிய பெண்டஹாரா அவனை ஒளித்துக் காக்கிறார். நண்பன் மாண்டானென நம்பிய ஹங் ஜெபாட் கலகஞ்செய்து அரண்மனையைக் கைப்பற்றுகிறான். மன்னிக்கப்பட்டு மீண்ட துவாவோ, தன்னைக் கொல்லச்சொன்ன அரசனுக்காகவே அத்தோழனைக் கொன்றொழிக்கிறான்.

அரச விசுவாசத்தில் துவாவே உத்தமன் என்பர் ஒரு சாரார். அநீதியை எதிர்த்த ஜெபாட்டே வீரன் என்பர் மறு சாரார். காசிம் அகமது 1959-ல் எழுதிய ஆராய்ச்சி இப்பின்னைய கட்சிக்கே வலுவூட்டிற்று. 1961-ல் ஹுசேன் ஹனிப் இயக்கிய 'ஹங் ஜெபாட்' படம் கலகக்காரனையே கதாநாயகனாக்கியது. முதற்படமுங்கூட, யார் செய்தது சரி என்ற ஐயத்தில் துவா கலங்குவதோடுதான் முடிகிறது.

சரித்திரம் என்ன சொல்கிறது? 'ஹிக்காயாட் ஹங் துவா' ஜெபாட்டைக் கலகக்காரனென்க, 'செஜாரா மெலாயு' ஹங் கஸ்தூரியைக் குறிக்கிறது. பெயர் எதுவாயினும், கோளினால் உயிர்பறித்தல் அவ்வரசவைக்குப் புதிதன்று. தென்னிந்திய முஸ்லிம் வழியில் வந்த பெண்டஹாரா துன் முத்தாஹிர், இராஜத் துரோகியெனப் பழிக்கப்பட்டு 1510-ல் குடும்பத்தார் பலரோடு கொல்லப்பட்டார். அக்கோளை லக்சமானாவிடம் கொண்டு சேர்த்தவர், மலாய் நூல் 'ராஜா மெண்டெலியார்' என்றழைக்கும் துறைமுகத் தலைவர். அஃது 'முதலியார்' என்னும் நம் சொல்லே. பின்னர் உண்மை வெளிப்பட்டுக் கோளர் தண்டனையுற்றனர், மாண்டவரோ மீளவில்லை. மறு ஆண்டே நகரம் போர்த்துகீசியர் வசமாயிற்று.

ஆகவே, சூழ்ச்சி செய்த கூட்டத்திலும் அதற்குப் பலியான குடியிலும் நம் நாட்டுத் தொடர்பு உண்டு. இதை மறைத்துப் பெருமை மட்டும் பேசுதல் நேர்மையாகாது.

தமிழர்க்கு இக்கதை அந்நியமுமன்று. பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும் தன் பிழையுணர்ந்து உயிர்துறந்தான். சிலப்பதிகாரம் கேள்வி கேட்டவளைத் துரோகியென்னவில்லை. கோயிலெடுத்து வணங்கச் செய்தது.

மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களில், துரையின் சொல்லையும் கங்காணியின் சொல்லையும் சட்டமென ஏற்று வாழ நேர்ந்த கூலிமக்களின் வழித்தோன்றல்கள் இப்படத்தைப் பார்க்கையில், வாள்வீச்சை வியப்பதோடு நிற்கலாமா? விசுவாசம் நற்குணமே, ஆயின் விசாரணையற்ற ஆணைக்குத் தலைவணங்குவது விசுவாசமாகாது, அடிமைத்தனமேயாம். ஜெபாட்டின் வன்முறையை நாம் போற்றவில்லை. அவன் கேட்ட நியாயத்தையே போற்றுகிறோம்.