பருத்தி விளைந்த ஊரும் கந்தல் போர்வையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசலில் விளைந்த பருத்தி, 'டின்னவெல்லி' என்ற பெயரில் தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறியது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்து மில்களுக்கு அங்கிருந்து பஞ்சு வருவது தடைபட்டது. இந்தியப் பருத்தியின் விலை எகிறியது. 1865-ல் போர் முடிந்ததும் சரிந்தது.

அதுவரை அந்த அமெரிக்கப் பருத்தியை விளைவித்தவர்கள் கறுப்பின அடிமைகள். அலபாமாவில், ஆற்று வளைவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் அப்படியொரு பருத்திப் பண்ணை. விடுதலைக்குப் பிறகும் அவர்களின் பிள்ளைகள் அங்கேயே வாரத்துக்குப் பருத்தி போட்டார்கள். குளிருக்குப் போர்த்த, கிழிந்த வேலைச்சட்டைகளையும் சாக்குத் துணிகளையும் ஒட்டுப்போட்டுப் பெண்கள் போர்வை தைத்தார்கள். ஊருக்கெல்லாம் துணி கொடுத்தவர்களுக்கு மிஞ்சியது கந்தல்தான்!

2002-ல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தின் சுவரில் ஓவியங்களைப் போலத் தொங்கின. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். 2006-ல் தபால்தலையாகவும் வந்தன.

கரிசல் வீடுகளிலும் பாட்டிமார்கள் நைந்த நூல் சேலைகளை மடித்துத் தைத்து, பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். அதை யாரும் கலை என்று சொன்னதில்லை. பழந்துணி என்றார்கள், அவ்வளவுதான்.

பருத்தி விலைக்குக் கணக்கு இருக்கிறது. தைத்த கைகளுக்கு இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால், கரித்துணி ஆக்குவதற்கு முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.