ஒரே மைக்கில் ஒரு பாட்டு

மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்குள் நுழைந்தால் ரோட்டோரம் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ்! டி.ஆர்.சுந்தரம் 1930-களின் நடுவில் தொடங்கிய ஸ்டூடியோ. 'சதி அகல்யா' (1937), முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' (1938), கலரில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அவர்கள் எடுத்ததுதான். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் சந்தேகம் வேறு. அந்தக் காலத்தில் சத்தத்தையும் படத்தையும் எப்படி ஒட்டினார்கள்?

சந்தேகம் வந்ததே எங்கள் ஊர்த் திருவிழாவில்தான். இந்தச் சரிவில் ஒரு குழாய் ஸ்பீக்கர், எதிர்ச் சரிவில் ஒன்று. மிக்ஸர் பக்கத்தில் எடுபிடியாக நான். சத்தம் ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். சித்தப்பா மைக்கில் சொன்ன அறிவிப்பு ஒவ்வொன்றும் இரண்டு தடவை கேட்டு, யாருக்கும் ஒன்றும் புரியவில்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆரம்பகாலப் பேசும்படங்களில் நடிகரே பாடிக்கொண்டு நடிக்க வேண்டும். ஆர்மோனியமும் தபேலாவும் கேமராவில் படாமல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மைக். தபேலா சத்தம் தூக்கலாக இருந்தால் குறைக்க ஃபேடர் எல்லாம் கிடையாது, தபேலாக்காரர்தான் நாலடி தள்ளி உட்கார வேண்டும். அதாவது தூரம்தான் மிக்ஸர்!

1938-ல் ஏ.வி.எம். எடுத்த 'நந்தகுமார்' மூலம் தமிழில் பின்னணிப் பாடல் வந்தது. பாட்டை முதலில் பதிந்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு, நடிகர் வாயசைப்பார். கேமராவும் ஒலிக்கருவியும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அதனால் வேகம் மாறாத மோட்டார்கள். தொடக்கத்தை ஒட்ட கிளாப் கட்டை. இன்னொரு வேடிக்கை, ஃபிலிமில் சத்தம் தன் படத்துக்கு சுமார் 20 ஃபிரேம் முன்னாலேயே அச்சாகியிருக்கும். படம் நின்று நின்று நகர வேண்டும், ஒலியோ நிற்காமல் ஓட வேண்டும். அதனால் புரொஜெக்டரில் இரண்டையும் படிக்கும் இடம் வேறு.

பிறகு பல மைக்குகளும் மிக்ஸிங் கன்சோலும் வந்தன. ஒவ்வொரு மைக்குக்கும் தனி வழி, கடைசியில் எல்லாம் சேர்வது ஒரே டிராக். வயலின் அதிகமானால் பிறகு குறைக்க முடியாது, மொத்த வாத்தியக் குழுவும் முதலிலிருந்து வாசிக்கணும். ஃபேடரில் கை வைத்திருந்த அந்தப் பொறியாளரின் ஒரு நொடிக் கவனம்தான் இன்றுவரை நாம் கேட்கும் பாட்டு. அவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல டிராக் டேப் வந்ததும் அந்தப் பயம் போனது. ஒரு டிராக்கில் டைம்கோட் பதிந்துவிட்டால் கம்ப்யூட்டரும் கீபோர்டும் அதையே பின்தொடரும். 1992-ல் 'ரோஜா' வந்தபோது இந்த வேலையெல்லாம் ஒரு வீட்டு ஸ்டூடியோவுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

எங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு மட்டும் இதில் விடை இல்லை. டிலே போட்டாலும் ஒரு சரிவுக்குத்தான் சரியாகும். இந்த வருடம் எதிர்க் குழாயை நிறுத்தினோம். அந்தப் பக்கத்துப் பாட்டி, "எங்களுக்கு மட்டும் சாமி பாட்டு கிடையாதா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.