கோலார் தங்கவயலில் குழந்தைகளின் ஊட்டமும் கற்றலும்

கோலார் தங்கவயலில் பள்ளிப் பருவத்துக் குழந்தைகளின் மூளைக்கு வேண்டிய ஊட்டம் வீட்டுச் சமையல், அங்கன்வாடி, பள்ளி உணவு, அரசு தரும் சத்து மாத்திரை, கடையில் வாங்கும் சத்துமாவு ஆகியவற்றின் மூலம் கிடைக்கிறது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்து வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் வழிவந்தவர்களே இன்றும் இங்கு மிகுதி. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பல்லாயிரம் பேர் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். இவ்வூரில் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் இந்த ரயிலையும் சேர்த்தே பேச வேண்டும்.

வளர்ந்தவரின் உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. ஐந்து வயதையொட்டிய பிள்ளைக்கு, ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே வேண்டும். வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளையின் கவனம் சிதறுவதில் வியப்பில்லை.

இரும்புச்சத்து

மூளைக்கு உயிர்வளி போய்ச் சேரவும், நரம்பிழைகளைச் சுற்றி உறை படியவும், கவனத்தை ஆளும் டோபமைன் சுரக்கவும் இரும்பு வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கர்நாடகத்தில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 65.5 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை என்றாலும் முதன்மைக் காரணங்களுள் அது ஒன்று. இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் 5 முதல் 9 வயது வரை வாரம் ஓர் இளஞ்சிவப்பு மாத்திரையும், 10 முதல் 19 வயது வரை வாரம் ஒரு நீல மாத்திரையும் தரப்படுகின்றன. இளஞ்சிவப்பில் 45 மில்லிகிராம் இரும்பு உண்டு, நீலத்தில் 60. பூச்சி மாத்திரை எனப்படும் அல்பெண்டசோல் தனியாக உண்டு. குடற்புழு இருக்கும் வயிற்றில் இரும்பை மட்டும் கொட்டுவதால் பயன் குறைவு.

உணவில் உள்ள இரும்பில், இறைச்சியில் இருப்பதையே உடல் எளிதில் ஈர்க்கும். ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) அந்த வகை. இவ்வூரின் தலித் குடும்பங்களில் மாட்டிறைச்சி நெடுங்காலமாகக் குறைந்த விலைப் புரதமாகவும் இரும்பாகவும் இருந்து வந்திருக்கிறது. 2021இல் நடைமுறைக்கு வந்த கர்நாடகக் கால்நடை வதைத் தடைச் சட்டம், 13 வயதைக் கடந்த எருமைகளைத் தவிர மற்ற மாடுகளை அறுப்பதைத் தடுத்தது. ஊட்டச்சத்துத் திட்டங்களைப் பற்றி எழுதுவோர் இதைப் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை.

கேழ்வரகும் பள்ளி உணவும்

கோலார் கேழ்வரகுச் சீமை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசி இதன் அருகிலேயே வராது. அதில் இரும்பும் உண்டு, ஆனால் தானியத்திலுள்ள ஃபைடேட்டும் டானினும் அதை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. முளைகட்டி அரைத்தால் அந்தப் பிடி தளரும். களியோடு கீரையும் எலுமிச்சையும் சேர்வது நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது கெடுதல்.

கர்நாடகப் பள்ளிகளில் மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகள் பிசியூட்டா என்பார்கள். 2013 ஆகஸ்டில் க்ஷீர பாக்ய திட்டம் வந்தது: ஒரு பிள்ளைக்கு 18 கிராம் பால்பொடியில் கலக்கிய 150 மில்லிலிட்டர் பால். 2024 பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்று நாள் அந்தப் பாலோடு ராகி மால்ட்டும் சேர்ந்தது. முட்டை நீண்ட சர்ச்சைக்குப் பிறகே வந்தது. வேண்டாதவர்களுக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ தரப்பட்டது. 2024இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் நிதியால் வாரம் ஆறு நாள் முட்டை என்று ஏற்பாடானது. முட்டையிலுள்ள கோலின், பி12 இரண்டும் மூளைக்கு நேரடியாக வேண்டியவை. பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து இரும்பை உடல் ஈர்ப்பதைத் தடுக்கும். இரும்பு மாத்திரையைப் பாலோடு தராமல் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தருவதில் இந்த நன்மையும் இருக்கிறது.

இந்தியப் பள்ளி உணவு கற்றலைக் கூட்டுகிறதா என்பதை ஆராய்ந்து 2019இல் வெளியான சக்ரவர்த்தி–ஜெயராமன் ஆய்வு, ஐந்தாண்டு வரை அந்த உணவைப் பெற்ற பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், ஓராண்டும் பெறாதவர்களைவிட 18 விழுக்காடும், கணக்கு மதிப்பெண் 9 விழுக்காடும் கூடுதலாக இருந்ததைக் கண்டது.

கடைச் சரக்கு

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை மருந்துக் கடையில் 'நினைவாற்றலுக்கு' என்று கேட்டால் ஒமேகா-3 மாத்திரையோ சத்து பானமோ கிடைக்கும். பெங்களூரில் வசதி குறைந்த வீடுகளைச் சேர்ந்த 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 600 பேருக்கு ஓராண்டு சத்துகள் கொடுத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. கூடுதல் ஒமேகா-3 பெற்றவர்களுக்கும் குறைவாகப் பெற்றவர்களுக்கும் அறிவுத்திறனில் வேறுபாடு தெரியவில்லை. நுண்சத்துகளின் பயனும் சிறியது, சீரற்றது. 2024 ஏப்ரலில் ஹார்லிக்ஸை விற்கும் நிறுவனமே 'ஆரோக்கிய பானம்' என்ற வகைப்பெயரைக் கைவிட்டது.

வல்லாரையைத் துவையலாக அரைத்துக் கொடுப்பது தமிழ் வீடுகளின் பழக்கம். கன்னட வீடுகளில் அதே இலை ஒந்தெலகா. நீர்ப்பிரமி வேறு செடி. பிராமி என்ற பெயர் இரண்டுக்கும் வழங்குவதால் குழப்பம் நேர்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்த நீர்ப்பிரமிச் சாறுதான் 1990களில் 'மெமரி பிளஸ்' மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. விளம்பரத்தில் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் தோன்றியதால் பெற்றோர் பலருக்குச் சதுரங்கமே அதற்குச் சான்றாகிவிட்டது. வல்லாரைத் துவையலால் தீங்கில்லை, கீரைக்குக் கீரை.

அயோடின் கதை இதற்கு நேரெதிர். கருவிலும் மழலைப் பருவத்திலும் அது குறைந்தால் அறிவு வளர்ச்சியே தடைப்படும். அதைத் தடுக்க அயோடின் கலந்த உப்பே போதும்.

தண்ணீர்

கோலார் மாவட்ட ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஃபுளூரைடுக்கும் குழந்தைகளின் குறைந்த நுண்ணறிவு அளவுக்கும் தொடர்பு இருப்பதாக அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024இல் மதிப்பிட்டது. சுரங்கக் காலத்தில் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி நீர் தங்கவயலுக்குக் குழாயில் வந்தது. இப்போது பள்ளிப் பிள்ளை குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால், சத்து மாத்திரை வாங்கும் முன் அந்த நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.