சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல், 1926

நிர்வாகத் துறைகளைக் கவர்னரும் அமைச்சர்களும் பங்கிட்டுக்கொண்ட இரட்டையாட்சி முறையில் சென்னை மாகாணம் கண்ட மூன்றாவது தேர்தல் இது; 1926 நவம்பரில் நடந்தது. அமெரிக்க மாநிலங்களில் கவர்னரையே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த காலம் அது. இங்கோ கவர்னர் லண்டனிலிருந்து வந்து இறங்குவார். மக்கள் தேர்ந்தெடுத்தது 132 பேர் கொண்ட சட்டமன்றத்தின் 98 உறுப்பினர்களை மட்டுமே. மற்றவர்கள் நியமனம் பெற்றோரும் பதவிவழி வந்தோரும். அந்த 98 பேருக்கும் எல்லாரும் வாக்களித்துவிடவில்லை. வரி கட்டும் சொத்துள்ளவர்க்கே வாக்குரிமை என்பதால், செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிப்பாசன ஊர்களில் ஒன்றாக அன்றிருந்த செம்பாக்கத்தில் குத்தகைக்கு உழுதவருக்கு இதில் பங்கில்லை.

1920இல் 63 இடங்களுடன் ஆட்சிக்கு வந்த நீதிக்கட்சி 1923இல் 44 இடங்களுக்குச் சரிந்தும் ஆட்சியைத் தக்கவைத்தது. 1925இல் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மறைந்தது பேரிழப்பு. முதலமைச்சர் பனகல் அரசரின் (தி.நகர் பூங்காவுக்குப் பெயர் தந்தவர்) கட்சிக்கு 1926இல் கிடைத்தவை 21 இடங்களே. சீனிவாச ஐயங்கார், சத்தியமூர்த்தி ஆகியோரின் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களைப் பிடித்தது. மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் சொற்ப வாக்குகளில் தோற்றார். இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்ட முதல் பெண் என்று அறியப்படுபவர் அவர்.

யாருக்கும் பெரும்பான்மை இல்லை. முதலிடம் பெற்ற சுயராஜ்யக் கட்சியினரும் பதவியை மறுத்தனர். இரட்டையாட்சியில் அமைச்சர் பொறுப்பு ஏற்பதில்லை என்பது அவர்கள் சார்ந்த காங்கிரசின் முடிவு. வென்றவர் வேண்டாமென, தோற்றவரால் முடியாதென, ஆட்டம் கவர்னர் கோஷனின் கைக்குப் போனது. குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் எந்தக் கட்சியையும் சேராதவர். அவரைக் கோஷன் முதலமைச்சராக்கி, நியமன உறுப்பினர்களைத் துணைக்கு நிறுத்தினார். எதிர்க்கட்சிகள் அதைக் கவர்னரின் பொம்மை அமைச்சரவை என்றன. சுப்பராயனுக்குச் சொந்தக் கட்சி இல்லாததால் அந்தக் குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கவும் முடியவில்லை.

1928இல், அரசியல் சீர்திருத்தத்தை ஆராய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சைமன் கமிஷனைப் புறக்கணிப்பதில் கருத்து வேறுபட்டு ரங்கநாத முதலியார், ஆரோக்கியசாமி முதலியார் ஆகிய இரு அமைச்சர்களும் விலகினர். அமைச்சரவை கவிழும் நிலையில் நீதிக்கட்சியே முட்டுக்கொடுத்தது. புதிதாக வந்த அமைச்சர்களில் ஒருவர் முத்தையா முதலியார். அரசுப் பணியில் வகுப்புவாரி இடப்பங்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் என்றே இன்றும் நினைக்கப்படுகிறார்.

சுப்பராயன் 1930 வரை நீடித்தார். பின்னர் காங்கிரசில் சேர்ந்து, 1937இல் ராஜாஜியின் அமைச்சரவையில் இடம்பெற்றார்.