சாக்கோட்டையிலிருந்து குன்றக்குடிக்கு ஒரு நாள் நடை



எங்கள் சாக்கோட்டை வீரசேகரர் கோயிலிலிருந்து காரைக்குடி வழியாகக் குன்றக்குடி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். விடியலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் மலையடிவாரம் சேர்ந்துவிடலாம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் ஒன்றுகூடிப் பழநிக்குப் புறப்படுவது அங்கிருந்துதான்.

பேருந்தில் போனால் நம் சீமை சமதரையாகத் தெரியும். நடந்தபோதுதான் அதன் மேடு பள்ளம் என் காலுக்குத் தெரிந்தது. இது செம்புறாங்கல் பூமி. வற்றாத ஆறு கிடையாது. அதனால் நம் முன்னோர் மேட்டில் விழுந்த மழையை வரத்துக்கால் வழியே இறக்கி, பள்ளத்தில் ஊருணியாகத் தேக்கினார்கள். செம்புறாங்கல்லாலேயே படித்துறையும் கட்டினார்கள். ஊருக்கும் வழிப்போக்கருக்கும் அதுவே குடிதண்ணீர். பிறருக்கு உதவுகிறவரின் செல்வத்துக்கு வள்ளுவர் சொன்ன உவமையும் நீர் நிறைந்த ஊருணிதான்.

இன்று பாதயாத்திரைக்குத் தண்ணீர் பாட்டிலில் வருகிறது. ஊருணியை எட்டிப் பார்ப்பவர் குறைவு. வரத்துக்கால் மேலேயே மனைக்கல் நடுகிறார்கள். ஊருணி வற்றினால் பக்கத்துக் கிணறும் இறங்கிவிடும்.

அடுத்த முறை நடக்கும்போது, ஒவ்வோர் ஊருணிக்கும் மழைநீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வரத்து தெரிந்தால்தான், அதை அடைக்கும்போது கேட்க ஆள் இருக்கும்.