உம்மும்மாவின் காணிக் கடதாசி

அந்தக் கடதாசி நாலாக மடிந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்துபோய், பின்பக்கம் பத்திரிகைத் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறது. ஊதா நிற முத்திரையில் பாதி கரைந்துவிட்டது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட் அது. 1935இல் வந்த அந்தச் சட்டத்தால்தான் இலங்கையில் எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் கைக்கு அரச காணி வந்து சேர்ந்தது. கடதாசியில் இருப்பது மூத்தவாப்பாவின் பெயர். சாகும்வரை அதைக் காத்தவர் உம்மும்மா. அவர் பெயர் அதில் எங்குமே இல்லை.

சட்டம் அப்படித்தான் இருந்தது. பின்னுரித்து யாருக்கு என்று எழுதிவைக்காமல் கணவன் மௌத்தானால், மனைவி தன் ஆயுள்வரை காணியில் இருக்கலாம். அதன் பிறகு காணி யாருக்கு என்பதில் சட்டத்தின் அட்டவணை ஆண்பிள்ளைகளைத்தான் முன்னுக்கு வைத்தது. இந்த ஆண்-பெண் பேதம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது. உம்மும்மா அதைக் காண இருக்கவில்லை.

எங்கள் ஊர் மறிச்சுக்கட்டி, மன்னார் மாவட்டத்தின் தென்கோடி. முசலிப் பிரிவைச் சேர்ந்த ஊர். தெற்கே வில்பத்துக் காடு, மேற்கே கடல், கடலுக்குள் சிப்பிப் பார்கள். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் இந்தப் பக்கத்துக் கரைக்கு வந்தன. மறு வருடம் அரச உத்தியோகத்தராக வந்த லெனார்ட் வுல்ஃப் அந்த முகாமைத் தன் சுயசரிதையில் விரிவாக எழுதியிருக்கிறார். ஊரின் பெயர் நூறு வருடத்துக்கு முன்பே அரசாங்கத்தின் ஏட்டில் ஏறிவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பின்னாளில் இங்கே ஊர் ஒன்று இருந்ததா என்றே கேள்வி வந்தது.

உம்மும்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் பெர்மிட்டில் எந்த வரியில் எது இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். பாயில் அதை விரித்து, சுட்டுவிரலை ஒவ்வொரு வரியாக நகர்த்துவார். "இது வடக்கு, குளத்துக் கட்டு. இது கிழக்கு, காடு எண்டு எழுதியிருக்கு, அங்க ஒரு பாலை மரம் நிக்கிது. இது தெற்கு, உங்கட மூத்தவாப்பா வெட்டின கிணறு." கடதாசியில் கிணறும் இல்லை, பாலை மரமும் இல்லை. அவற்றை அவர்தான் சேர்த்து வாசிப்பார். ஆனி, ஆடியில் அந்த மரத்துப் பழம் பொறுக்கியது, வாயெல்லாம் பால் ஒட்டியது, கரடி வந்த இரவு எல்லாம் அந்த வாசிப்புக்குள் வந்துபோகும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். முசலி ஊர்களும் அந்த நாட்களில் வெறுமையாகின. எங்கள் குடும்பம் தோணியில் புத்தளத்துக் கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. கடதாசி அதுவரை ஒரு கொட்டப்பெட்டிக்குள் இருந்தது. உம்மும்மா கொட்டப்பெட்டியை விட்டுவிட்டு, கடதாசியை மட்டும் எடுத்துச் சீலைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். தோணிக்குள் தண்ணீர் அடித்தபோதுதான் முத்திரை கரைந்தது.

அதன் பிறகு அது கிடுகுக் கொட்டிலில் இருந்தது. மழை வந்தால் உம்மும்மா முதலில் எழும்பித் தூக்குவது அதைத்தான். பானையில் ஒழுகுகிறதே என்று உம்மா சத்தம் போட்டால், "சோறு நாளைக்கும் ஆக்கலாம் மகள், இது நனைஞ்சா என்ன செய்யிற?" என்பார். பகலில் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள், அங்கேயே பள்ளிக்கூடம் போனார்கள், அங்கேயே கல்யாணமும் முடித்தார்கள். புத்தளத்து மக்கள் இடம் தந்தார்கள், அதை மறக்க முடியாது. ஆனாலும் எங்கள் பெயர் அகதி என்றேதான் இருந்தது. இது எங்கள் ஊர் இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கடதாசிதான்.

யுத்தம் 2009இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பியபோது, வளவு இருந்த இடம் தெரியவில்லை. இருபது வருடக் காடு. ஆண்கள் கத்தியோடு நின்று திகைக்க, உம்மும்மா கைத்தடியை ஊன்றி நடந்து, பற்றைக்குள் ஓரிடத்தைக் காட்டினார். வெட்டிப் பார்த்தால் கிணற்றுக்கட்டு.

2012 ஒக்டோபரில் வந்த வர்த்தமானி மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியை ஒதுக்குக் காடாக அறிவித்தது. 2017 மார்ச்சில் விளாத்திக்குளம் முதலிய பக்கத்துக் காடுகளையும் சேர்த்து 40,030 ஹெக்டேர் மாவில்லுப் பாதுகாக்கப்பட்ட வனம் ஆனது. மக்கள் மறிச்சுக்கட்டியில் பல வாரம் உட்கார்ந்து போராடினார்கள். வில்பத்து காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. அந்தக் காட்டின் அருமை அதன் விளிம்பில் பிறந்தவர்களுக்குத் தெரியாதா? ஆனால் துரத்தப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் முளைத்த மரத்தைக் காட்டி, இங்கே யாரும் இருக்கவில்லை என்று சொல்வது அநியாயம். காணி பார்க்க வந்த ஒரு அதிகாரியிடம் உம்மும்மா கடதாசியை நீட்டிச் சொன்னது இதுதான்: "மரம் நாங்க போன பிறகு வந்தது மகன். நாங்க மரத்துக்கு முந்தி வந்த ஆக்கள்." அந்த அதிகாரி, ஒட்டுப்போட்ட தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தெளிவான பிரதி கொண்டுவரச் சொன்னார்.

உம்மும்மா ஊரில்தான் மௌத்தானார். பழைய மையவாடியில் மூத்தவாப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கினோம். கடதாசி இப்போது பிளாஸ்டிக் உறையில் உம்மாவிடம் இருக்கிறது. போட்டோகொப்பிகள் பிள்ளைகள் எல்லோரிடமும் இருக்கின்றன. ஆனால் பாலை மரமும் கிணறும் எந்தப் பிரதியிலும் விழவில்லை. உம்மும்மா விரல் வைத்து வாசித்ததை, அவர் உயிரோடு இருக்கும்போதே நாங்கள் எழுதிவைக்கவில்லை. நினைவிலிருந்து பிறகுதான் எழுதினோம்.

முசலியிலும் புத்தளத்திலும் இன்னும் அந்தத் தலைமுறையில் சிலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், கடதாசியை அவர் முன்னால் விரித்து வையுங்கள். நாலு எல்லையையும் அவர் வாயால் சொல்லவைத்து, திகதி போட்டு எழுதி, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதியைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.